வில்லுக்கத்தி: திருத்திப் பாவித்த ஒரு காலத்தின் வரலாறு

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு கத்திக்கு எம்மவர் வழக்கில் மூன்று பெயர்கள் உண்டு. பேனாக்கத்தி, மடக்குக்கத்தி, வில்லுக்கத்தி என்பன அவை. மூன்றும் ஒரே பொருளைத்தான் சுட்டுகின்றன. ஆனால் அக்கத்தி எதற்காகப் பிறந்தது என்பதை முதலாவது பெயர் சொல்கிறது. அதன் வடிவத்தை இரண்டாவது பெயரும், அது இயங்கும் விதத்தை மூன்றாவது பெயரும் சொல்கின்றன. முதுகுப்புறத்தில் வில்போல வளைந்து அழுத்தும் உருக்குத் தகடு ஒன்று இருப்பதால் அது வில்லுக்கத்தி ஆயிற்று.

இந்தக் கத்தி பழுதுபடுவதும் குறிப்பிட்ட சில இடங்களில்தான். அலகு ஆடத் தொடங்கும். வில் தளரும் அல்லது முறியும். முனை ஒடியும், கூர் மழுங்கும். பிடி வெடிக்கும். இவை எல்லாவற்றிலும் கறள் ஏறும். ஒரு காலத்தில் இவை ஒவ்வொன்றையும் திருத்துவதற்கு ஆளும் இருந்தார், முறையும் இருந்தது. இன்று பெரும்பாலோர் பழுதான கத்தியை வீசிவிட்டுப் புதியதை வாங்குகின்றனர். இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்று தேடிப் போனால், அது ஒரு சிறு கத்தியின் வரலாறாக மட்டும் நின்றுவிடுவதில்லை. உருக்கின் வரலாறும், அதைச் சாணை பிடித்தே மாண்டுபோன மனிதரின் வரலாறும் அதனுள் அடங்கியிருக்கின்றன.

இறகும் ஓலையும்

மடிக்கும் கத்தி மிகப் பழையது. ஒஸ்திரியாவின் ஹால்ஸ்ரற் பகுதியில் கிடைத்த எலும்புப் பிடி கொண்ட கத்தி கி.மு. 600 - 500 காலத்துக்குரியது எனக் கணிக்கப்பட்டுள்ளது. உரோமரிடமும் இவ்வகைக் கத்திகள் பரவலாக இருந்தன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஃபிற்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உரோமர் காலத்து வெள்ளிக் கருவி ஒன்று இருக்கிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதில் கரண்டி, முள், ஊசி, கத்தி ஆகியன ஒரே பிடிக்குள் மடிந்து கிடக்கின்றன. சுவிற்சர்லாந்தின் இராணுவக் கத்திக்கு 1600 ஆண்டுகள் மூத்த உறவினர் அது.

ஆனால் இப்பழைய கத்திகள் எவற்றிலும் வில் இல்லை. அலகும் பிடியும் ஓர் ஆணியில் கோக்கப்பட்டிருக்கும். ஆணியின் இறுக்கம் மட்டுமே அலகை நிறுத்திவைக்கும். ஆணி சற்றுத் தேய்ந்தால் அலகு தன் பாட்டில் மூடிக்கொள்ளும், பிடித்திருப்பவரின் விரல் அறுபடும். இந்தக் கத்திகளுக்குத் திருத்தம் என்றால் ஆணித் தலையைத் தட்டி இறுக்குவதுதான்.

பேனாக்கத்தி என்ற பெயர் ஆங்கிலத்திலிருந்து எமக்கு வந்தது. ஆங்கிலத்தில் பேனாவைக் குறிக்கும் சொல்லோ இறகு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. வாத்தின் இறகைச் சீவி எழுதிய காலத்தில் அதன் முனை விரைவில் மழுங்கிவிடும். எழுதுபவர் நாளில் பலமுறை அதைச் சீவ வேண்டும். எனவே எழுத்தாளர், குமாஸ்தா, நீதிமன்ற எழுதுவினைஞர் அனைவரின் மேசையிலும் சிறிய, மிகக் கூரிய கத்தி ஒன்று இருந்தது. 1820களிலும் 1830களிலும் பேர்மிங்ஹாம் நகரில் உருக்குப் பேனாமுனைகள் பெருந்தொகையாக உற்பத்தியாகத் தொடங்கியதும் இறகுப் பேனா மறைந்தது. கத்தியும் அதன் பெயரும் எஞ்சின.

எழுதுகோலுக்கும் கத்திக்கும் இடையிலான இந்த உறவு எமக்கும் புதியதன்று. ஓலையில் எழுதிய காலத்தில் ஏட்டின் ஓரத்தை வாரிச் சீராக்கக் கத்தி வேண்டும், எழுதுவதற்கு எழுத்தாணி வேண்டும். ஒரு புறம் கத்தியும் மறுபுறம் எழுத்தாணியுமாக அமைந்ததை வாரெழுத்தாணி என்றனர். அதையே மடக்கி வைக்கத்தக்கதாகச் செய்தபோது மடக்கெழுத்தாணி என்றனர். உ. வே. சாமிநாதையர் தமது ‘என் சரித்திர’த்தில் இவ்வகைகளை விளக்கியிருக்கிறார். இறகுக்கும் ஓலைக்கும் இடையே ஆயிரக்கணக்கான மைல் தூரம் இருந்தபோதிலும், எழுதுபவனின் தேவை ஒரே விதமான கருவியையே இரு இடங்களிலும் உருவாக்கியிருக்கிறது.

வில் வந்த கதை

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஷெபீல்ட் நகரம் 14ஆம் நூற்றாண்டிலேயே கத்திக்குப் பெயர் பெற்றிருந்தது. சோசரின் ‘கன்ரபரிக் கதைக’ளில் ஒரு பாத்திரம் ஷெபீல்ட் கத்தி வைத்திருப்பதாகக் கூறப்படுகிறது. 1624ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் ஹலம்ஷயர் கத்திசெய்வோர் சங்கம் அங்கே நிறுவப்பட்டது. யார் தொழில் பழகலாம், எந்த முத்திரையை யார் பொறிக்கலாம் என்பதை அச்சங்கமே தீர்மானித்தது. அந்த 17ஆம் நூற்றாண்டில்தான் முதுகு வில் பொருத்திய மடக்குக்கத்தி அங்கே நிலைபெற்றது.

அதன் இயக்கம் எளிமையானது. அலகின் அடிப்பகுதி ஏறத்தாழச் சதுரமாக இருக்கும். அதன் மீது வில் அழுத்திக்கொண்டிருக்கும். கத்தி திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் சதுரத்தின் தட்டையான பக்கம் வில்லோடு பொருந்தி நிற்கும். இடையில் திருப்பும்போது சதுரத்தின் மூலை வில்லை மேலே தள்ளும். மூலையைக் கடந்தவுடன் வில் ‘டக்’ என்று கீழே விழும். அந்தச் சத்தம் நல்ல கத்தியின் அடையாளம். இங்கே பூட்டு எதுவும் இல்லை. வேண்டியபோது விரலின் பலத்தால் மூடலாம், ஆனால் தானாக மூடாது.

இத்தனைக்கும் அந்தக் கத்தியில் திருகாணி ஒன்றுகூட இல்லை. பித்தளைத் தகடுகள், வில், அலகு, பிடியின் கொம்பு அல்லது எலும்பு எல்லாவற்றையும் இணைப்பவை சில தறையாணிகளே. ஆணியைத் துளையில் செலுத்தி இரு தலைகளையும் சிறு சுத்தியலால் தட்டிப் பரப்பி, பின்னர் அராவி மெருகூட்டினால் ஆணி இருந்த இடமே தெரியாது. ஒரு கத்தியைப் பலர் சேர்ந்து செய்தனர். அலகை ஒருவர் அடிப்பார், வேறொருவர் சாணை பிடிப்பார், இன்னொருவர் எல்லாவற்றையும் கோப்பார். பெரும்பாலோர் சொந்தப் பட்டறையில் ஓரிரு உதவியாளருடன் வேலை செய்த சிறு தொழிலாளர்.

பெருநிறுவனங்களும் எழுந்தன. 1764இல் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் கொண்ட முத்திரையைப் பெற்ற ரொஜர்ஸ் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் கத்தி அனுப்பியது. 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்காக அந்நிறுவனம் 75 அலகுகள் கொண்ட ‘நோர்ஃபோக் கத்தி’யைச் செய்து வைத்தது. ‘ஐ எக்ஸ் எல்’ என்ற முத்திரையோடு வொஸ்ரன்ஹோம் நிறுவனம் அமெரிக்கச் சந்தையை ஆண்டது. ஜேர்மனியின் ஸோலிங்கன் நகரத்துக் கத்திகள் ஷெபீல்ட் பெயரைத் தாங்கி விற்பனையாவதாக எழுந்த முறைப்பாடுகளும் ஒரு காரணமாக, 1887இல் பிரித்தானியாவில் வணிக முத்திரைச் சட்டம் வந்தது. 1890இல் அமெரிக்கா இறக்குமதிகள் மீது பெரும் வரி விதித்ததோடு, பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைப் பொறிக்க வேண்டும் எனவும் விதித்தது. அந்த வரியால் ஷெபீல்ட் பலத்த அடி வாங்கியது. பழைய கத்தியின் அலகடியில் நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் அக்காலத்துக்குப் பிற்பட்டது என ஊகிப்பதற்கு இதுவே காரணம்.

எமது உருக்கும் அவர்களது கத்தியும்

கத்தியின் உயிர் உருக்கில் இருக்கிறது. 1740களில் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் என்ற மணிக்கூடு செய்பவர், மணிக்கூட்டு வில்லுக்கு ஏற்ற சீரான உருக்குக் கிடைக்காமையால் தாமே அதைச் செய்ய முனைந்தார். உருக்கை மூசையில் இட்டு முழுமையாக உருக்கி வார்க்கும் முறையை ஷெபீல்டுக்கு அண்மையில் அவர் கண்டறிந்தார். உள்ளூர்க் கத்திசெய்வோர் அது மிகக் கடினமாக இருக்கிறது என்று முதலில் ஒதுக்கினர். பிரெஞ்சுக்காரர் வாங்கத் தொடங்கிய பின்னரே அவர்களும் அதன் அருமையை உணர்ந்தனர்.

மூசையில் உருக்குச் செய்வது ஐரோப்பாவுக்குத்தான் புதியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது பன்னெடுங்காலமாக நடந்துவந்த தொழில். ஈரோடு மாவட்டத்தின் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பு, உருக்குத் தொழிலின் எச்சங்கள் வெளிப்பட்டன. 9ஆம் நூற்றாண்டின் அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் உருக்கையும் குறிப்பிடுகிறார். சரந்தீப் எமது நாட்டின் அரபுப் பெயர் என்பது வாசகர் அறிந்ததே.

இலங்கையின் தென்மலைச் சாரலில் சமனலவெவ பகுதியில் நீர்த்தேக்கம் அமைவதற்கு முன்னர் ஆய்வு செய்த ஜில் ஜூலெஃப், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகப் பயன்படுத்திய உலைகளை அங்கே கண்டறிந்தார். மேற்கு நோக்கிய சரிவுகளில் வரிசையாக அமைந்த இந்த உலைகள் உயர்ந்த காபன் செறிவுள்ள உருக்கைத் தரக்கூடியவை என்பதை அவர் உலை கட்டி எரித்தே நிரூபித்தார். அவருடைய கட்டுரை 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் முன்னதாக, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி, அழிந்துகொண்டிருந்த மூசை உருக்கு முறையை நேரில் கண்டு பதிவு செய்திருந்தார். 1908இல் வெளிவந்த அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அந்தக் கைவினைஞரின் தொழில் இடம்பெற்றது. கலை அறிஞராக உலகம் அறிந்த அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

இங்கேதான் பேனாக்கத்தி மீண்டும் வருகிறது. ஐரோப்பியர் ‘வூற்ஸ்’ என அழைத்த இந்த உருக்கின் மாதிரிகள் 1790களில் பம்பாயிலிருந்து இலண்டன் றோயல் சங்கத்துக்கு அனுப்பப்பட்டன. அதன் தலைவர் சேர் ஜோசப் பாங்ஸ் அவற்றைச் சோதிக்க விரும்பினார். ஜேம்ஸ் ஸ்ரொடார்ட் என்ற இலண்டன் கத்தித் தொழிலாளர் அந்த உருக்கில் ஒரு பேனாக்கத்தியை அடித்தார். அதன் கூர் மிகச் சிறந்த உருக்குக் கத்திக்கு ஈடாக இருந்தது என்ற செய்தி ஜோர்ஜ் பியர்சன் 1795இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பதிவாகியுள்ளது. ஸ்ரொடார்ட் பின்னர் அந்த உருக்கின் தீவிர ஆதரவாளரானார். மைக்கேல் பரடேயுடன் சேர்ந்து 1820 அளவில் அவர் நடத்திய கலப்புருக்குச் சோதனைகளுக்கு அதுவே தூண்டுதல். ‘வூற்ஸ்’ என்ற சொல் கன்னடத்தின் ‘உக்கு’ அல்லது தமிழின் ‘உருக்கு’ என்பதன் திரிபு என்று பலர் கருதுவர்.

எமது மூசைக்காரர் அடைந்த பயன் என்ன? 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஷெபீல்டின் மலிவான உருக்கு இங்கு வந்து குவிந்து, அவர்களுடைய உலைகளை அணைத்துவிட்டது.

சாணைக்கல்லின் விலை

ஷெபீல்டின் பெருமையைப் பேசும்போது அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் பேச வேண்டும். அலகுக்குக் கூர் ஏற்றியவர் மணற்கல் சக்கரத்தின் மேலாகக் குதிரையில் அமர்வதுபோல அமர்ந்து, முன்புறம் குனிந்து வேலை செய்தார். சக்கரத்திலிருந்து எழுந்த கல்லின் தூசு நேரே அவருடைய மூக்கினுள் சென்றது. சிலிக்கா தூசு நுரையீரலைக் கல்லாக்கும் நோயை அந்நாளில் ‘சாணைக்காரரின் ஆஸ்துமா’ என்றனர்.

நீரில் நனைத்துச் சாணை பிடிப்போருக்கு ஆபத்துச் சற்றுக் குறைவு. உலர்கல்லில் சாணை பிடித்தோரே முதலில் மாண்டனர். ஷெபீல்ட் மருத்துவர் நைற் கொடுத்த கணக்கை ஃபிரெட்ரிக் எங்கெல்ஸ் 1845இல் வெளியான தமது நூலில் எடுத்துக் காட்டுகிறார். உலர்கல் தொழிலாளரின் சராசரி ஆயுள் 35 ஆண்டுகளை எட்டுவதே அரிது, ஈரக்கல் தொழிலாளர் 45ஐத் தாண்டுவது அரிது என்பதே அக்கணக்கு.

தடுக்க வழி தேடியவர்களும் இருந்தனர். 1820களின் தொடக்கத்தில் ஜோன் ஏபிரகாம் என்பவர் காந்தத்தால் உருக்குத் தூசைக் கவரும் கருவியைச் செய்து பரிசும் பெற்றார். ஆனால் உயிரைக் குடித்தது உருக்குத் தூசு அன்று, கல்லின் தூசு. அதைக் காந்தம் கவராது. பின்னர் தூசை உறிஞ்சும் விசிறிகள் வந்தபோது தொழிலாளர் பலரே அவற்றை விரும்பவில்லை. தொழிலாளர் நீண்டநாள் வாழ்ந்தால் தொழிலில் ஆட்கள் பெருகி, கூலி வீழ்ந்துவிடும் என்று அவர்கள் அஞ்சியதாகச் சமகாலத்தவர் எழுதினர். உயிருக்கும் கூலிக்கும் இடையில் ஒன்றைத் தெரிவு செய்யும் நிலைக்கு ஒரு சமூகம் தன் தொழிலாளரைத் தள்ளியிருந்தது. அதே கசப்புத்தான் 1860களில் வன்முறையாகவும் வெடித்தது. சங்கத்துக்குக் கட்டுப்படாதவரின் சக்கரப் பட்டிகள் திருடப்பட்டன, வீடுகளுக்கு வெடி வைக்கப்பட்டது. 1867இல் அரச விசாரணை நடந்தது. அதையொட்டிய வாதங்கள் 1871இன் தொழிற்சங்கச் சட்டத்தில் போய் முடிந்தன.

20ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சாணைக்கற்கள் மணற்கல்லின் இடத்தைப் பிடித்த பின்னரே இந்த மரணங்கள் குறைந்தன. எனவே 19ஆம் நூற்றாண்டின் ஷெபீல்ட் கத்தியொன்றைக் கையில் எடுக்கும்போது, அதன் அலகைத் தீட்டியவர் நாற்பது வயதைக் காணாதவராக இருக்கக்கூடும் என்பதை நினைத்துக்கொள்வது தகும். அதைக் கவனமின்றிக் கெடுப்பதற்கும் குப்பையில் எறிவதற்கும் கை தயங்குவதற்கு அது ஒன்றே போதும்.

திருத்துவோர் அறிந்தவை

இத்தகைய கத்தியைத் திருத்துவோர் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருந்த சில விடயங்களை இங்கு தொகுத்துச் சொல்வது பயன் தரும்.

முதலாவது சுத்தம். ஆடாத கத்தி பலவற்றுக்கு நோய் எதுவும் இல்லை, மூட்டினுள் அழுக்கும் சட்டைப்பைப் பஞ்சும் சேர்ந்திருக்கும். இளஞ்சூட்டு நீரில் கழுவி, குச்சியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விட்டால் போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசின்போல இறுகி மேலும் தூசைப் பிடிக்கும். பிடி மரமாகவோ எலும்பாகவோ இருந்தால் நீரில் ஊறவிடக் கூடாது.

இரண்டாவது கறள். பழைய அலகுகள் குரோமியம் கலவாத உருக்கு. தேசிக்காய், மாங்காய் வெட்டிவிட்டுத் துடைக்காமல் மடித்தால் மறுநாளே கறை தெரியும். கடற்கரையோரத்து உப்புக் காற்றில் இன்னும் விரைவு. ஆனால் எல்லாக் கறையும் கேடு அன்று. நாட்பட்ட பாவனையில் அலகில் படியும் சாம்பல் நிறம் மேலும் கறள் ஏறுவதைத் தாமதிக்கும். செந்நிறமாக உதிர்வதே அகற்ற வேண்டிய கறள். அதை எண்ணெயும் மென்மையான உரசலும் கொண்டு நீக்க வேண்டும். கரடுமுரடான தாளால் பளபளக்கத் தேய்த்தால் அலகடியிலுள்ள முத்திரையும் சேர்ந்தே போய்விடும். முத்திரை போனால் கத்தியின் வயதும் பிறப்பிடமும் போயின.

மூன்றாவது ஆட்டம். அலகு பக்கவாட்டில் ஆடினால் தறையாணி தளர்ந்திருக்கிறது என்று பொருள். பட்டடையில் வைத்து ஆணித் தலையை மெல்லத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். ஒரு தட்டுக் கூடினால் அலகு திறக்கவே மறுக்கும். வில் முறிந்திருந்தால் ஆணிகளை வெளியேற்றிக் கத்தியை முழுதாகப் பிரிக்க வேண்டியதுதான். அது பழகிய கையின் வேலை.

நான்காவது சூடு. உருக்கைச் செஞ்சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்தால் அது கண்ணாடிபோல் கடினமாகி எளிதில் உடையும். பின்னர் அளவாகச் சூடாக்கி அந்த முறுக்கைத் தணிப்பர். இதையே தோய்ச்சல் என்பது. மெருகிட்ட உருக்கின் மேல் தோன்றும் நிறமே அதற்கு அளவுகோல். அலகுக்கு வைக்கோல் மஞ்சள் நிறம் வரை, அதாவது ஏறத்தாழ 220 - 230 பாகை செல்சியஸ். வில்லுக்கு நீல நிறம் வரை, ஏறத்தாழ 300 பாகை. அலகு கூரைக் காக்க வேண்டும், வில் வளைந்து நிமிர வேண்டும். ஒரே உருக்கு இரு வேறு குணங்களைப் பெறுவது இந்த 70, 80 பாகை வேறுபாட்டினால்தான்.

இதிலிருந்தே ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. வேகமாகச் சுழலும் உலர் சக்கரத்தில் மெல்லிய அலகை அழுத்திப் பிடித்தால், ஒரு கணத்தில் கூர் விளிம்பு நீலமாகிவிடும். அத்துடன் அவ்விடத்தின் கடினம் போய்விட்டது. எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது. ‘இந்தக் கத்தி இனிச் சரிவராது’ என்று வீசப்படும் பல கத்திகள் இப்படிச் சுடப்பட்டவையே. சிறு அலகுக்கு நீர் விட்ட தீட்டுக்கல்லும் பொறுமையும் போதும். கல்லுக்கும் அலகுக்கும் இடையே ஏறத்தாழ 20 பாகை சரிவை இரு பக்கமும் ஒரே அளவாகப் பேண வேண்டும்.

ஐந்தாவது முனை. முனை ஒடிந்த மடக்குக்கத்தியில் கூர் விளிம்பைத் தேய்த்துப் புதிய முனை எடுப்பது தவறு. அப்படிச் செய்தால் மூடும்போது புதிய முனை பிடிக்கு வெளியே தலைநீட்டும், சட்டைப்பையைக் கிழிக்கும். அலகின் முதுகைத் தேய்த்து, கூர் விளிம்பை நோக்கி இறக்க வேண்டும். அப்போது முனை பிடிக்குள் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக் கத்திகள் சிலவற்றின் பிடி செலுலொயிட்டால் ஆனது. முதுமையில் அது சிதையத் தொடங்கும்போது வெளியேறும் அமில ஆவி, அலகை மட்டுமன்றி அருகிலிருக்கும் ஏனைய கத்திகளையும் அரித்துவிடும். அத்தகைய கத்தியை மூடிய பெட்டிக்குள் மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது.

திருத்தம் மறைந்த விதம்

1913ஆம் ஆண்டில் அதே ஷெபீல்டில் ஹரி பிரியர்லி குரோமியம் கலந்த கறளற்ற உருக்கை உருவாக்கினார். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று கத்தித் தொழிலாளர் தொடக்கத்தில் அவரைக் கேலி செய்தனர். ஆனால் காலம் அவர் பக்கம் நின்றது. கறள் இல்லையெனில் துடைக்க வேண்டியதில்லை, எண்ணெய் விட வேண்டியதில்லை. கவனிப்பு எனும் பழக்கமே தேவையற்றதாயிற்று.

ஏனைய நாடுகளின் கத்திகளும் தத்தம் வழியில் சென்றன. சுவிற்சர்லாந்தின் கார்ல் எல்சனர் 1891இல் தமது நாட்டுப் படைவீரருக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். 1897இல் பதிவான அதிகாரிகள் கத்தியே இன்றைய விக்ரொறினொக்ஸின் மூலம். 2001 செப்டெம்பர் 11 தாக்குதலின் பின்னர் விமானங்களில் கத்திக்குத் தடை வந்தபோது அதன் விற்பனை பெரிதும் வீழ்ந்தது. 1890 முதல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் செய்யப்படும் ஒபினெல் கத்திக்கு வில்லே இல்லை, அலகு மரப்பிடியில் ஓர் ஆணியில் கோக்கப்பட்டிருக்கும். மரம் ஈரத்தில் வீங்கி அலகு சிக்கிக்கொண்டால், பிடியின் அடியை மேசையில் தட்டி அலகை வெளியே எடுப்பது அம்மலைவாசிகளின் பழக்கம். ஜப்பானின் மிக்கி நகரில் 1890களில் தோன்றிய ‘ஹிகொனொகாமி’ ஒரு காலத்தில் அந்நாட்டுச் சிறுவர் ஒவ்வொருவரின் பையிலும் இருந்து பென்சில் சீவியது. 1960 ஒக்ரோபர் 12ஆம் திகதி சோஷலிசக் கட்சித் தலைவர் அசனுமா மேடையில் வைத்து 17 வயது இளைஞன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றது குறுவாள். ஆனால் பிள்ளைகளின் கையிலிருந்து கத்தியை அகற்ற வேண்டும் என்ற இயக்கம் நாடெங்கும் எழுந்து, பென்சில் சீவிய கத்தியும் பறிபோனது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின.

அச்சம் ஒரு கருவியை எப்படி ஆயுதமாக்கிவிடும் என்பதை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்துச் சோதனைச்சாவடிகளைக் கடந்து வாழ்ந்த தலைமுறை, சட்டைப்பையில் இருக்கும் சிறு கத்தி என்னென்ன கேள்விகளைக் கிளப்பும் என்பதை அறியும். பழம் வெட்டவும் கயிறு அறுக்கவும் வைத்திருந்ததை வீட்டில் விட்டுச் செல்ல அத்தலைமுறை பழகிக்கொண்டது. அதேவேளை, திருத்திப் பாவித்தல் என்பதன் பொருளையும் அதே காலம்தான் கற்பித்தது. 1990களில் வடக்கின் மீதான பொருளாதாரத் தடையின்போது பற்றரியும் மண்ணெண்ணெயும் சீமெந்தும் அரிதாகின. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட மக்கள் எதையும் எளிதில் வீசவில்லை. அது கொள்கையால் வந்த பழக்கம் அன்று, தேவையால் வந்தது. தேவை நீங்கியதும் பழக்கமும் நீங்கிற்று.

ஷெபீல்டில் போட்டியிட்ட இரு பெருநிறுவனங்களும் 1971இல் ஒன்றாயின. பழைய முறையில் முழுக் கத்தியையும் தாமே செய்த சிறு தொழிலாளரில் புகழ்பெற்றவரான ஸ்ரான் ஷோ, 14 வயதில் தொழிலுக்கு வந்து, 2021இல் தமது 94ஆவது வயதில் மறைந்தார். சாணைக்காரர் நாற்பதைக் காணாத நகரில் ஒரு கத்தித் தொழிலாளர் தொண்ணூறைத் தாண்டியது அந்நகரின் வரலாற்றில் நிகழ்ந்த நல்ல மாற்றம். அவருக்குப் பின் அந்தக் கைத்திறனைத் தொடர்வோர் வெகுசிலரே என்பது மற்றொரு மாற்றம்.

வில்லுக்கத்திக்கு எதிர்பாராத ஒரு பாதுகாப்புச் சட்டத்திலிருந்தும் கிடைத்திருக்கிறது. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடை செய்தபோது, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்திக்கு விலக்கு அளித்தது. திறந்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி இவ்விலக்குக்குள் வராது என நீதிமன்றம் 1990களின் தொடக்கத்தில் தீர்த்தது. எனவே 17ஆம் நூற்றாண்டின் பூட்டில்லாத வில்லே அங்கு இன்றும் சட்டத்துக்கு ஏற்றது. அந்நாட்டில் வாழும் எம்மவர் இதை அறிந்திருத்தல் நன்று. விமானத்துக்கு இவ்விலக்குப் பொருந்தாது என்பதையும் மறத்தலாகாது.

புலம்பெயர்ந்த வீடுகளிலும் ஊரில் எஞ்சிய வீடுகளிலும் தாத்தாவின் லாச்சியில் இப்படியொரு கத்தி கிடக்கக்கூடும். மூட்டு இறுகி, பிடி வெடித்து, கறுத்துப்போயிருக்கும். அதை எடுத்து அலகடியை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். நட்சத்திரமும் சிலுவையும் தெரியலாம், முடியின் இருபுறமும் விக்ரோறியா அரசியின் முதலெழுத்துகள் தெரியலாம், ஒரு நகரின் பெயர் தெரியலாம். பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓரிரவு வையுங்கள். மறுநாள் அவசரப்படாமல் திறந்து பாருங்கள். அநேகமாக அது திறக்கும்.